ஒரே வினாத்தாள், இரண்டு சராசரி: யாருக்கு எவ்வளவு கூட்டுவது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் ஏ, பி என இரண்டு பிரிவுகள். இன்டர்னல் தேர்வுக்கு ஒரே வினாத்தாள், 100 மதிப்பெண். ஏ பிரிவில் 56 பேர், சக ஆசிரியர் திருத்தினார், சராசரி 58. பி பிரிவில் 60 பேர், நான் திருத்தினேன், சராசரி 46, அதிகபட்சம் 84. என் பிரிவில் 19 பேர் தேர்ச்சி மதிப்பெண்ணான 40ஐ எட்டவில்லை. கம்பியின் நீட்சியைக் கேட்கும் 14ஆம் வினாவில் (10 மதிப்பெண்) கம்பியின் விட்டம் 0.5 மி.மீ. என்பதற்குப் பதில் 0.5 செ.மீ. என்று அச்சாகிவிட்டது. ஏ பிரிவு அறையில் கண்காணிப்பாளர் திருத்தத்தை அறிவித்திருக்கிறார். பி அறையில் யாரும் சொல்லவில்லை. துறைத் தலைவர், “பி பிரிவுக்கு 10 மார்க் கிரேஸ் போட்டு முடியுங்கள்” என்கிறார். நண்பர் ஒருவர் வர்க்கமூலம் எடுத்து 10ஆல் பெருக்கச் சொல்கிறார். ஏ பிரிவு மாணவர்களுக்கோ எதைச் செய்தாலும் அநியாயமாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேலை. இப்போதிருக்கும் மதிப்பெண் பட்டியலை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு, நீங்களும் சக ஆசிரியரும் கையெழுத்திட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். இனி எந்த மாற்றம் வந்தாலும் அது தனிப் பத்தியில்தான் வர வேண்டும். மூல மதிப்பெண்ணை அழித்து அதன்மேல் புது எண் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு பிறகு யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

உங்களைத் தொந்தரவு செய்வது 58க்கும் 46க்கும் இடையிலுள்ள 12 மதிப்பெண். துறைத் தலைவர் அதை ஒரே துண்டாகப் பார்க்கிறார், அதனால் ஒரே துண்டாகப் 10ஐ ஒட்டச் சொல்கிறார். அந்த 12 ஒரே காரணத்தால் வந்திருக்க வாய்ப்பு குறைவு. காரணம் வேறானால் பரிகாரமும் வேறு. சில காரணங்களுக்கு மதிப்பெண்ணில் பரிகாரமே கிடையாது. ஆகவே கூட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள்.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். 46 என்ற சராசரியில் தேர்வுக்கு வராதவர்கள் பூஜ்யமாகக் கலந்திருக்கிறார்களா? கணினித் தாளில் ‘வரவில்லை’ என்ற இடத்தில் 0 போட்டிருந்தால் அதுவும் சராசரிக்குள் போய்விடும். மூன்று பேர் வரவில்லை என்று வையுங்கள். 60 × 46 = 2760. அதை எழுதிய 57 பேருக்கு வகுத்தால் 48.4. யாருக்கும் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டாமல் 12இல் 2.4 கரைந்துவிட்டது. தோல்வியடைந்த 19 பேரிலும் இந்த மூவர் இருப்பார்கள்; அவர்களுக்கு வேண்டியது மறுதேர்வு, கிரேஸ் மதிப்பெண் அவர்களைத் தொடவே கூடாது.

அடுத்தது கூட்டல். உள்பக்கத்தில் மதிப்பெண் போடாமல் விட்ட விடை, கூட்டலில் பிழை, உள்ளிருந்து முகப்புப் பக்கத்துக்கு மாற்றி எழுதியதில் பிழை: மறுகூட்டலில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். தோல்வியடைந்தவர்களின் தாள்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிச் செய்தால் கீழே இழுத்த பிழைகள் மட்டும் திருந்தும், அதுவும் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு மட்டும். 72 வாங்க வேண்டியவர் 64இலேயே நின்றுவிடுவார். இரு பிரிவிலும் எல்லாத் தாள்களையும், திருத்தியவரல்லாத இன்னொருவர் கூட்டிப் பார்க்கட்டும்.

இனி முக்கியமான இடம், திருத்தியவர் வேறுபாடு. இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். உங்கள் 57 தாள்களையும் மதிப்பெண் வரிசையில் அடுக்கி ஐந்தில் ஒன்றாக எடுங்கள். 11 அல்லது 12 தாள் வரும். ஏ பிரிவிலும் அப்படியே. ஓரத்தில் போட்ட மதிப்பெண்களை ஒட்டுத்தாளால் மறைத்து, தாள்களை மாற்றிக்கொண்டு, தனித் தாளில் வினா வாரியாக மதிப்பெண் போடுங்கள். டிக்கும் அடிக்கோடும் தெரியத்தான் செய்யும், ஆகவே இது முழுக்கக் கண்மூடிய சோதனை ஆகாது. இருந்தாலும் போதும்.

உங்கள் தாள்களுக்கு நீங்கள் தந்த சராசரி 47, அவர் தருவது 51. அவருடைய தாள்களுக்கு அவர் தந்தது 58, நீங்கள் தருவது 53 என்று வந்தால், இடைவெளியில் நாலு, ஐந்து மதிப்பெண் திருத்திய கையால் வந்தது. இரண்டு திசையிலும் ஒன்றோ அரையோதான் வேறுபாடு என்றால் திருத்தம் சரி, காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இன்னொருவரின் தாளைத் திருத்தும்போது கை தானாகவே தாராளமாகும், சிலருக்கு இறுகும்.

நாலைந்து மதிப்பெண் வேறுபாடு தெரிந்ததும் ‘சரி, பி பிரிவுக்கு 5 போட்டுவிடலாம்’ என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கும். அந்த 5 எல்லா வினாக்களிலும் பரவி இருக்காது. இரண்டு மதிப்பெண் வினாக்களில் வேறுபாடு ஏறக்குறைய இருக்காது. கணக்கில் முதல் படியில் ஒரு எண் தவறி, பிறகு முறை முழுதும் சரியாகப் போயிருந்தால் அடுத்த படிகளுக்கு மதிப்பெண் உண்டா? அலகு எழுதாததற்கு அரையா, ஒன்றா? படம் வரைந்து பாகம் குறிக்காவிட்டால் எவ்வளவு? வேறுபாடு இந்த மாதிரி இடங்களில்தான் திரளும். கணக்குகளைத் தேர்ந்தெடுத்த மாணவர் 8 இழந்திருப்பார், தருவிப்புகளை எழுதியவர் ஒன்றும் இழந்திருக்க மாட்டார். இருவருக்கும் 5 போட்டால் முதலாமவருக்குப் பாக்கி, இரண்டாமவருக்கு இனாம்.

ஆகவே வேறுபாடு திரளும் இரண்டு மூன்று வினாக்களை அடையாளம் கண்டு, இருவரும் உட்கார்ந்து விடைக்குறிப்பைப் படிப்படியாக எழுதுங்கள். ‘சூத்திரம் 2, பிரதியிடல் 3, விடை 4, அலகு 1, முந்தைய படியின் தவறு பின்னால் வந்தால் ஒருமுறை மட்டும் கழிக்கவும்’ என்கிற அளவுக்கு. பிறகு அந்த வினாவை மட்டும் இரு பிரிவுக்கும் ஒரே ஆள் மறுபடி திருத்தட்டும். ஒரு விடைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 113 தாளுக்கு நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாள்களைக் கலைத்துவிட்டுத் திருத்துவது நல்லது. அருமையான ஒரு விடைக்கு அடுத்து வரும் சுமாரான விடை, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பொதுத்தேர்வு விடைத்தாள் முகாமில் உதவித் தேர்வாளருக்கு மேல் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் இருப்பதும், முதலில் விடைக்குறிப்பைப் பேசி முடித்துவிட்டுத் திருத்தத் தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சட்டத்தின் பார்வையும் இதுதான். உத்தரப் பிரதேச நீதித்துறைத் தேர்வு பற்றிய வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் பிரித்துச் சொன்னது: ஒரே தாளைப் பல தேர்வாளர்கள் திருத்தும்போது வரும் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்றது மாடரேஷன் (திருத்தும் அளவுகோலைச் சீராக்குவது), வெவ்வேறு பாடங்களை எழுதியவர்களை ஒப்பிட வேண்டியிருக்கும்போதுதான் ஸ்கேலிங் (சூத்திரம் போட்டு மதிப்பெண்களைப் பொது அளவுக்கு மாற்றுவது). உங்களுடையது ஒரே பாடம், ஒரே தாள், இரண்டு தேர்வாளர்.

14ஆம் வினாவுக்கு வருவோம். விட்டம் பத்து மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்காகும், நீட்சி நூறில் ஒரு பங்காகிவிடும். விடை விநோதமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட முடியும். ஆகவே அச்சிலிருந்த எண்ணை வைத்துச் சரியாகப் போட்டவருக்கு முழு மதிப்பெண், மில்லிமீட்டர் என்று தானே ஊகித்துப் போட்டவருக்கும் முழு மதிப்பெண். இதில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதிகம் நஷ்டப்பட்டவர் வேறொருவர்: கணக்கைச் சரியாகப் போட்டு, வந்த விடையைப் பார்த்துத் தன்மேல் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதியவர். அடித்த கணக்கைத் திருத்துவதில்லை என்பது பொது விதி. இந்த ஒரு வினாவுக்கு அந்த விதியைத் தளர்த்துங்கள், அடித்ததையும் படியுங்கள்.

எழுதாமலே விட்டவர்களை என்ன செய்வது? மூன்று வழி பேசப்படும். எல்லோருக்கும் 10 தருவது ஒன்று. ‘முயன்றவர்களுக்கு’ மட்டும் 10 தருவது இன்னொன்று. இது பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் வினா எண்ணை மட்டும் எழுதிவைத்தவருக்கு 10, பிழையைக் கண்டுபிடித்து நேரத்தை வீணாக்காமல் அடுத்த வினாவுக்குப் போன கெட்டிக்காரருக்கு 0. மூன்றாவது, வினாவை நீக்கி மீதி 90ஐ 100ஆக மாற்றுவது. மற்ற வினாக்களில் 54 வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 14ஆம் வினாவில் 8 வாங்கி 62இல் நிற்கிறார், மற்றவர் 0 வாங்கி 54இல். வினாவை நீக்கினால் இருவருக்கும் 54 × 100 ÷ 90 = 60. இரண்டாமவருக்கு 6 கூடுகிறது. உழைத்துக் கணக்குப் போட்ட முதலாமவர் 2 இழக்கிறார். எனவே விதி இப்படி இருக்கட்டும்: வினாவோடு வரும் மதிப்பெண், நீக்கி மாற்றிய மதிப்பெண், இரண்டில் எது அதிகமோ அது. 62 அப்படியே நிற்கும், 54 அறுபதாகும். அந்தக் கணக்கே தெரியாத சிலரும் இதில் நனைவார்கள். அதைத் தவிர்க்க வழியில்லை. வினாத்தாளைச் சரிபார்க்காத குற்றம் அவர்களுடையதல்ல.

ஏ பிரிவுக்கும் இது பொருந்துமா? அறிவிப்பு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று கண்காணிப்பாளர் எழுதி வைத்திருக்கிறாரா பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் என்று பதிவு இருந்தால் ஏ பிரிவுக்கு அந்த வினா பழுதில்லாத வினா, சலுகை தேவையில்லை. பதிவு இல்லையென்றால் இரு பிரிவுக்கும் ஒரே விதி.

இழந்த நேரத்துக்குத் தனியாகச் சூத்திரம் போட்டு மதிப்பெண் தர மட்டும் இறங்காதீர்கள். 2024 நீட் தேர்வில் நேரம் இழந்ததாகச் சொல்லி 1,563 பேருக்கு ஈட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். 720க்கு 718, 719 என்றெல்லாம் வந்தது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்ற முறையில் ஒரு வினாவை விட்டால் 716, ஒன்று தவறினால் 715. அந்த இரண்டு எண்களும் வரவே வழியில்லை. கடைசியில் அந்த மதிப்பெண்களை ரத்து செய்து, விரும்பியவர்களுக்கு மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாணவர் எத்தனை நிமிடம் இழந்தார் என்பதை எண்ணாக மாற்றுவது அவ்வளவு பெரிய அமைப்புக்கே கைகூடவில்லை.

இரு பிரிவிலும் 14ஆம் வினாவுக்கு மட்டும் சராசரி எடுத்துப் பாருங்கள். ஏ 6.5, பி 3.5 என்று வந்தால் அதுவே 3. இப்போது கணக்கைக் கூட்டினால் வராதவர்கள் 2.4, திருத்திய கை ஏறக்குறைய 4.5, அச்சுப்பிழை 3. பன்னிரண்டில் மிஞ்சுவது இரண்டு. திருத்திய கையும் அச்சுப்பிழையும் 14ஆம் வினாவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால் துல்லியமாக இரண்டு என்று சத்தியம் செய்ய வேண்டாம். உங்கள் எண்கள் வேறாகவும் இருக்கலாம். பிரிக்கும் முறை இதுதான்.

மிஞ்சுவது இரண்டாக இல்லாமல் ஏழோ எட்டோ ஆனால், அது பிள்ளைகளின் அடிப்படையில் அல்லது வகுப்பு நடந்த விதத்தில் இருக்கும் உண்மையான வேறுபாடு. அதற்கு மதிப்பெண் போட்டால் அடுத்த செமஸ்டர் வரை அது மறைந்திருக்கும், அவ்வளவுதான். பாடம் முடியவில்லை, நாட்கள் போதவில்லை என்பது காரணமானால், அந்தப் பகுதியை நடத்திவிட்டு இன்னொரு சிறு தேர்வு வைத்து இரண்டில் சிறந்ததை எடுக்கலாம். அதை ஏ பிரிவுக்கும் திறந்துவையுங்கள். வர விரும்புகிறவர்கள் வரட்டும்.

மற்ற யோசனைகளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் எண்களோடு சொல்லிவிடுகிறேன், துறைத் தலைவரிடம் பேச உதவும்.

பத்தைக் கூட்டுவது: 30 முதல் 39 வரை உள்ளவர்கள் எல்லோரும் தேறிவிடுவார்கள், 29 நிற்பார். 29க்கும் 30க்கும் நடுவில் கோடு போட்டது தேர்வல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த 10 என்ற எண். ஏன் 10, ஏன் 8 இல்லை என்று ஒரு மாணவர் கேட்டால் சொல்ல ஒன்றுமிருக்காது.

வர்க்கமூல முறை இதைவிட மோசம். 16 நாற்பதாகும், அதாவது நூற்றுக்குப் பதினாறு வாங்கியவர் தேர்ச்சி. 36 அறுபதாகி 24 பெறுகிறார், 81 தொண்ணூறாகி 9 பெறுகிறார். 81க்கும் 100க்கும் இடையே இருந்த 19 பத்தாகச் சுருங்கிவிடும். நன்றாக எழுதியவர்களின் வேறுபாட்டை நசுக்கி, 25ஐச் சுற்றியுள்ளவர்களுக்கு அள்ளிக்கொடுக்கும் சூத்திரம் அது. சுலபமாகப் போட முடிகிறது என்பதைத் தவிர அதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அதிகபட்ச மதிப்பெண்ணை 100ஆக வைத்து விகிதப்படி ஏற்றுவது கேட்கப் பழகிய முறை. தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பிற வாரிய மதிப்பெண்களை இப்படித்தான் மாநில வாரியத்தோடு சமன்செய்கிறது: மாநில வாரியத்தில் முதல் மதிப்பெண் 100, வேறு வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. அங்கே பல்லாயிரம் பேர் எழுதுவதால் உச்ச மதிப்பெண் ஆண்டுக்காண்டு பெரிதாக ஆடாது. உங்கள் வகுப்பில் அது ஒரே ஒரு பிள்ளை. 84 உச்சமானால் 46 வாங்கியவர் 54.8க்குப் போவார், அந்தத் தேர்வன்று 98 வாங்கக்கூடிய ஒருவர் வந்து எழுதியிருந்தால் 47ஐக்கூட எட்டமாட்டார். தன் மதிப்பெண் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் காய்ச்சலைப் பொறுத்தது என்று ஆகிவிடும்.

இசட் புள்ளியை யாராவது சொன்னால்: மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுப்பது. ஏ பிரிவின் திட்ட விலக்கம் 14, பி பிரிவுடையது 16 என்றால், பி பிரிவின் 38க்கு −0.5 வரும், ஏ பிரிவில் அதே −0.5 என்பது 51. அதாவது ஒரு பிரிவின் தோல்வியும் மறு பிரிவின் நல்ல தேர்ச்சியும் சமம் என்று அது சொல்கிறது. இரண்டு கூட்டமும் திறமையில் சமம் என்ற அனுமானம் உண்மையாக இருந்தால்தான் இது நியாயம். சேர்க்கை மதிப்பெண் வரிசைப்படி பிரிவு பிரித்திருந்தால் அந்த அனுமானம் தொடக்கத்திலேயே பொய். இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளிதான். 2011 உயர்தரப் பரீட்சையை (நம் பிளஸ் டூ போன்றது) பழைய பாடத்திட்டத்திலும் புதியதிலும் எழுதியவர்களை ஒரே கூட்டமாக்கிக் கணக்கிட்டதால் வழக்காகி, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட 2012இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சூத்திரம் ஒன்றுதான், யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகத் தரப்படுத்தியபோது தமிழ்மொழி மூலம் எழுதியவர்கள் அதே இடத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்ததை அங்குள்ள குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை.

நடைமுறையில் இரண்டு சிறு எச்சரிக்கைகள். முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒருமுறை செய்யுங்கள். 90இலிருந்து 100க்கு மாற்றும்போது ஒருமுறை, இன்டர்னலில் 10க்குச் சுருக்கும்போது இன்னொருமுறை என்று செய்தால் 44.6 முதலில் 45ஆகி, பிறகு 4.5 ஆகி, 5ஆகப் போய் நிற்கும். நேராகச் சுருக்கினால் 4.46, அதாவது 4. இரண்டாவது, மறுபடி திருத்தியதில் ஏ பிரிவில் யாருக்காவது மதிப்பெண் குறைந்தால், அறிவித்த மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். திருத்தியவரின் தாராளத்துக்கு மாணவர் அபராதம் கட்டக்கூடாது. அதற்காக பி பிரிவு தாழ்ந்துபோகக் கூடாதல்லவா? எனவே விடைக்குறிப்பை எழுதும்போதே, சந்தேகமான இடங்களில் தாராளமான அளவுகோலையே பொது அளவுகோலாக வையுங்கள். அப்போது ஏறுவது பெரும்பாலும் உங்கள் பிரிவாகவே இருக்கும்.

விதிகளைப் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்து வாங்கி, அதன்பிறகே கணக்குப் போடுங்கள். யார் தேறுகிறார்கள் என்று தெரிந்தபின் எழுதிய விதியை ஏ பிரிவு நம்பாது. அறிவிப்புப் பலகையில் இப்படி ஒட்டலாம்:

“இயற்பியல் இன்டர்னல் தேர்வு. 14ஆம் வினாவில் விட்டத்தின் அலகு தவறாக அச்சாகியிருந்தது. அச்சிட்ட மதிப்பு, சரியான மதிப்பு இரண்டில் எதைக் கொண்டு செய்திருந்தாலும் முழு மதிப்பெண் உண்டு. அடித்த விடையும் கருதப்பட்டது. அந்த வினாவை நீக்கி 90க்கு வந்த மதிப்பெண்ணை 100க்கு மாற்றினால் கூடுதலாக வருபவர்களுக்கு அதுவே வழங்கப்பட்டது. 11, 13, 15ஆம் வினாக்கள் இரு பிரிவுக்கும் ஒரே ஆசிரியரால் ஒரே விடைக்குறிப்பின்படி மறுபடி திருத்தப்பட்டன. முன்பு அறிவித்த மதிப்பெண் எவருக்கும் குறைக்கப்படவில்லை. விடைக்குறிப்பு துறை அலுவலகத்தில் உள்ளது. விடைத்தாளைப் பார்க்க விரும்புவோர் மூன்று வேலை நாட்களுக்குள் வரலாம்.”

வினா எண்களை மட்டும் உங்கள் சோதனையில் கிடைத்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.